ஊரடங்கு வந்தால் நிவாரணம் கைக்கு வர: மதுரைத் தொழிலாளர் வீடுகளுக்கு ஒரு கையேடு

2020 மார்ச் 24 அன்று தமிழக அரசு 3,280 கோடி ரூபாய்க்குக் கொரோனா நிவாரணம் அறிவித்தது. மறுநாள் தமிழகத்தின் முதல் கொரோனா மரணம் மதுரை ராஜாஜி மருத்துவமனையில் நிகழ்ந்தது. அதற்கடுத்த நாள் மத்திய அரசு ஏழைகளுக்கான கரீப் கல்யாண் நிவாரணத் திட்டத்தை அறிவித்தது. மூன்று நாளுக்குள் இவ்வளவும் நடந்ததால் யாரையும் புதிதாகப் பதியச் சொல்ல நேரமே இல்லை. ஏற்கெனவே இருந்த பட்டியல்களை எடுத்து, அதில் பெயர் இருந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். பெயர் இல்லாதவர்கள் எவ்வளவு கஷ்டத்தில் இருந்தாலும் அந்தப் பணம் அவர்களைத் தேடிப் போகவில்லை.

அடுத்த தொற்று வந்தாலும் இப்படித்தான் நடக்கும். அதனால் செய்ய வேண்டியதெல்லாம் சாதாரண நாளில், ஆபீஸ்கள் திறந்திருக்கும்போது செய்ய வேண்டிய வேலை. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் முடிக்க முடியாவிட்டால் முதலில் ரேஷன் கார்டு, அடுத்து வங்கிக் கணக்கு, மூன்றாவது தொழிலாளர் நலவாரியப் பதிவு. மற்றவை அதற்குப் பிறகுதான்.

ரேஷன் கார்டு

கொரோனா காலத்தில் மாநில அரசு கொடுத்ததில் பெரும்பகுதி அரிசி அட்டை வழியாகத்தான் வந்தது. 2020 ஏப்ரலில் 1,000 ரூபாயும் பொருட்களும். அதே ஆண்டு ஜூன் 24 முதல் மதுரை மாநகராட்சி, பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்களில் முழு ஊரடங்கு போட்டபோது அந்தப் பகுதி அட்டைகளுக்கு இன்னொரு 1,000. 2021 மே, ஜூன் மாதங்களில் 2,000 வீதம் 4,000, கூடவே 14 வகை மளிகை. ஆக மதுரை நகரில் அரிசி அட்டை வைத்திருந்த குடும்பத்துக்கு ரொக்கம் மட்டுமே 6,000 ரூபாய்.

முதலில் உங்கள் கார்டு எந்த வகை என்று பாருங்கள். ஸ்மார்ட் கார்டின் முன்பக்கத்தில் ஆங்கில எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். பி.எச்.எச்., பி.எச்.எச். ஏ.ஏ.ஒய்., என்.பி.எச்.எச். ஆகிய மூன்றும் அரிசி வாங்கும் அட்டைகள். என்.பி.எச்.எச். என்பதற்குப் பின்னால் எஸ் என்று இருந்தால் அது சர்க்கரை அட்டை, என்.சி. என்று இருந்தால் எந்தப் பொருளும் இல்லாத அட்டை. முகவரிச் சான்றுக்காக மட்டும் அந்தக் காலத்தில் என்.சி. அட்டை வாங்கி வைத்த வீடுகள் நிறைய. அந்த வீட்டில் இப்போது தறியோ கொத்தனார் வேலையோதான் பிழைப்பு என்றாலும் அட்டை அட்டைதான். வகை மாற்ற அரசு அவ்வப்போதுதான் வாய்ப்புத் தரும் (2020 டிசம்பரில் சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக்க அப்படி ஒரு வாய்ப்பு வந்தது). வாய்ப்பு வருகிறதா என்று ரேஷன் கடைப் பலகையிலும் பொது விநியோகத் துறை இணையதளத்திலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது, கார்டு எந்தக் கடையில் இருக்கிறது? நிவாரண டோக்கனை அந்தந்தக் கடைக்காரர்கள் வீட்டுக்கு வந்து தேதி, நேரம் போட்டுக் கொடுத்தார்கள். செல்லூரில் வாடகைக்கு இருந்துகொண்டு கார்டை உசிலம்பட்டியிலேயே விட்டு வைத்தவர்களுக்கு டோக்கன் உசிலம்பட்டி வீட்டுக்குத்தான் போகும். பஸ் ஓடாத நாளில் போய் வாங்க வழியில்லை. மதுரைக்கு மட்டும் கொடுத்த ஜூன் மாத 1,000 ரூபாய் அவர்களுக்கு அடியோடு இல்லை. 2020 அக்டோபரிலிருந்து எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம் என்று வந்துவிட்டது உண்மை. ஆனால் ரொக்கம் கொடுக்கும்போது கார்டின் முகவரிதான் பேசும். ஆறு மாதத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருக்கப் போகிறீர்கள் என்றால் முகவரியை மாற்றிவிடுவது நல்லது.

முகவரி மாற்ற இ-சேவை மையத்திலோ கைபேசியிலோ விண்ணப்பிக்கலாம். தடங்கல் எப்போதும் ஒன்றுதான்: வீட்டுக்காரர் கரண்ட் பில்லோ வரி ரசீதோ தர மாட்டார். அதற்காக நிற்க வேண்டாம். வாடகை ஒப்பந்தம், புதிய முகவரியில் உள்ள கேஸ் புத்தகம், முகவரி மாற்றிய ஆதார் ஆகியவற்றில் எது கிடைக்கிறதோ அதை வையுங்கள். ஆதாரில் முகவரியை முதலில் மாற்றிக்கொண்டால் பின்னால் வருகிற எல்லா வேலையும் சுலபம்.

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தவர்களின் மனுக்கள் தள்ளுபடியாக இரண்டு காரணங்கள் அதிகம். கணவன் பெயர் அவர் அப்பா கார்டிலும் மனைவி பெயர் அவர் அம்மா வீட்டுக் கார்டிலும் நீக்கப்படாமல் இருக்கும்; ஒரே ஆதார் எண் இரண்டு கார்டில் ஏறாது. முதலில் இரண்டு இடத்திலும் பெயர் நீக்க விண்ணப்பித்து, நீங்கிவிட்டது என்று திரையில் பார்த்த பிறகே புதுக் கார்டுக்குப் போடுங்கள். நீக்கிய பின் புதுக் கார்டு வரும் வரை உங்கள் பெயர் எங்கேயும் இருக்காது. அதனால் இதையும் தள்ளிப் போடாமல், நிலைமை நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டும். இரண்டாவது காரணம் தனிச் சமையல். ஆய்வுக்கு வருகிறவர் அடுப்பைத்தான் பார்ப்பார். மாடியில் தனி அறை, கீழே ஒரே சமையல் என்றால் தனிக் குடும்பமாக எழுத மாட்டார்.

அடுத்தது கைரேகை. சிமென்ட், செங்கல் சூளை, சலவை, பாத்திரம் துலக்கும் வேலை செய்கிறவர்களுக்கு ரேகை தேய்ந்துவிடும், எந்திரத்தில் விழாது. கார்டில் உள்ள யார் வேண்டுமானாலும் போய் வைக்கலாம் என்பதால், வீட்டில் உள்ள எல்லாரும் கடைக்குப் போய் ஒருமுறை ரேகைப் பதிவை முடித்து வையுங்கள். தனியாக இருக்கும் வயதானவருக்கும், நடக்க முடியாதவருக்கும் வேறொருவரை அனுப்ப அங்கீகாரப் படிவம் உண்டு, கடையிலேயே கேட்கலாம். கண் கருவிழி எந்திரம் உள்ள கடைகளில் அதையும் கேளுங்கள். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.

கார்டில் உள்ள கைபேசி எண் இப்போது உங்களிடம் இல்லையென்றால் அதையும் மாற்றுங்கள். மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை தாலுகா வாரியாக ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும். பெயர், முகவரி, எண் திருத்தம் எல்லாவற்றுக்கும் அதுதான் சுருக்கு வழி. ரேஷன் புகாருக்கு 1967.

வங்கிக் கணக்கு

'என் கணக்கில் ஆதார் சேர்த்தாச்சு' என்று பலரும் சொல்வார்கள். அதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஆதார் நகலைக் கொடுத்து அடையாளம் காட்டியது ஒன்று. அரசுப் பணம் ஆதார் எண்ணை வைத்து எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்று தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் பதிவேட்டில் ஏற்றியது வேறு. இரண்டாவது இல்லாமல் பணம் வராது. இரண்டு மூன்று வங்கிகளில் கணக்கு இருந்தால், கடைசியாக எந்த வங்கியில் அப்படி ஏற்றினீர்களோ அங்கேதான் போகும். பணம் வரவே இல்லை என்று தாலுகா ஆபீசுக்கு நடக்கிறவர்களில் சிலருக்கு, மறந்தே போன ஒரு பழைய கணக்கில் அது பத்திரமாக இருக்கும்.

பார்ப்பது எப்படி? 'என் ஆதார்' இணையதளத்தில் ஆதார் எண்ணும் ஓ.டி.பி.யும் போட்டு உள்ளே போனால் வங்கி இணைப்பு நிலை என்ற இடத்தில் வங்கிப் பெயரும் இயங்குகிறதா என்பதும் தெரியும். உங்களுக்கு வேண்டாத வங்கி காட்டினால், வேண்டிய வங்கிக் கிளையில் ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். படிவத்தில் அரசு மானியம் பெறும் கணக்காக்க வேண்டும் என்பதைக் குறித்தீர்களா என்று ஒருமுறை பார்த்துக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி இணையதளத்தில் சரிபாருங்கள். கவுன்டரில் 'ஆயிரும்' என்று சொன்னதை நம்பி இருக்க வேண்டாம்.

ஆதாரை வைத்து வராமல், கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் வைத்து வருகிற பணமும் உண்டு. மதுரை மாவட்டத்துக் கிராமங்களில் பாண்டியன் கிராம வங்கிக் கணக்கு நிறையப் பேருக்கு. அது 2019 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு கிராம வங்கியாகிவிட்டது. சிண்டிகேட் வங்கி கனராவோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் 2020 ஏப்ரலில் சேர்ந்தன. குறியீடுகள் மாறின. பழைய பாஸ்புக் நகலைக் கொடுத்து வாரியத்தில் பதிந்திருந்தால் பணம் போன வேகத்தில் திரும்பிவிடும். புது பாஸ்புக் முதல் பக்க நகலை எல்லா இடத்திலும் கொடுத்துப் புதுப்பியுங்கள்.

இரண்டு ஆண்டு எந்த வரவு செலவும் இல்லாத கணக்கு முடங்கிவிடும். ஜன்தன் கணக்குகளில் இது அதிகம். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை பெண்களுடைய ஜன்தன் கணக்குகளில் மட்டும் மாதம் 500 ரூபாய் போட்டார்கள். அதே பெண்ணுக்குச் சாதாரண சேமிப்புக் கணக்கு மட்டும் இருந்தால் கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நூறு ரூபாய் போட்டு எடுத்தாலே கணக்கு உயிரோடு இருக்கும். இன்னொன்று: 'உடனே எடுக்காவிட்டால் பணம் திரும்பப் போய்விடும்' என்று அப்போது ஒரு வதந்தி கிளம்பி, வங்கி வாசலில் கூட்டம் முண்டியது. அப்படித் திரும்பப் போகாது. கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து நாள் பிரித்துத்தான் வரச் சொன்னார்கள். அந்த நாளில் போனால் போதும்.

நலவாரியம்

2020 மார்ச் அறிவிப்பில் கட்டுமானத் தொழிலாளர், ஆட்டோ ஓட்டுநர் வாரியங்களில் பதிந்தவர்களுக்கு ரேஷன் 1,000 போகத் தனியாக 1,000 ரூபாய், 15 கிலோ அரிசி, 1 கிலோ பருப்பு, 1 கிலோ எண்ணெய் என்று இருந்தது. பதியாத சித்தாளும் பதிந்த சித்தாளும் ஒரே சாரத்தில்தான் நிற்கிறார்கள். வித்தியாசம் அட்டையில்தான்.

உங்கள் தொழிலுக்கு எந்த வாரியம் என்று தெரிந்து போடுங்கள். மாட்டுத்தாவணி, பரவை மார்க்கெட் லோடுமேன்களுக்கு உடலுழைப்பு வாரியம். செல்லூர்த் தறிக்காரர்களுக்குக் கைத்தறி அல்லது விசைத்தறி. விளாச்சேரிக்கு மண்பாண்டம், நகைப் பட்டறைகளுக்குப் பொற்கொல்லர். தையல், சலவை, முடிதிருத்தம், சமையல், வீட்டு வேலை ஒவ்வொன்றுக்கும் தனி வாரியம். நடவு, களையெடுப்புக்குப் போகிற விவசாயக் கூலிகள் இங்கே வர வேண்டாம். அவர்களுக்கு வருவாய்த் துறை வழியாக உழவர் பாதுகாப்புத் திட்டம். வி.ஏ.ஓ.விடம் போக வேண்டும். இது தெரியாமல் வாரியத்தில் போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து தள்ளுபடி வாங்குகிறவர்கள் மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் அதிகம்.

வயது 18 முதல் 60 வரை. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிக்கிற வேலையில் இருந்தால் பதிய முடியாது. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், வயதுச் சான்று, போட்டோ, பணிச்சான்று, வாரிசுதாரர் விவரம் ஆகியவை வேண்டும். விண்ணப்பம் இணையத்தில்தான். பதிவு இலவசம், வாங்கித் தருகிறேன் என்று ஆயிரம் இரண்டாயிரம் கேட்கிற புரோக்கருக்கு வேலையே இல்லை. கெட்டுப்போவது பெரும்பாலும் நான்கு இடங்களில்:

– பிரவுசிங் சென்டர்காரர் தன் கைபேசி எண்ணைப் போட்டுவிடுவார். பிறகு திருத்தவும் புதுப்பிக்கவும் அவரையே தேட வேண்டும். உங்கள் எண்ணைப் போட்டாரா என்று அச்செடுத்துப் பாருங்கள்.
– பணிச்சான்றில் தொழில் 'கூலி' என்று மட்டும் இருக்கும். கம்பி கட்டுபவர், பெயின்டர், சுமை தூக்குபவர் என்று தெளிவாக இருந்தால்தான் வாரியம் ஏற்கும்.
– ஸ்கேன் மங்கலாக இருக்கும். போட்டோவில் எடுத்து அனுப்பிய பாஸ்புக் பக்கத்தில் கணக்கு எண் தெரியாது.
– புதுப்பிக்கும் தேதி தாண்டியிருக்கும். அட்டையில் உள்ள தேதிக்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பியுங்கள். பதிவு உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் பணம்.

பதிவு எண், விண்ணப்ப நகல், அட்டை மூன்றையும் கைபேசியில் படமாகவும் தாளாகவும் வையுங்கள்.

இ-ஷ்ரம் அட்டை வேறு. மத்திய அரசு 2021 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கியது. 16 முதல் 59 வயது வரை. எடுத்து வைப்பதில் நஷ்டமில்லை. ஆனால் அது மாநில வாரிய அட்டைக்கு மாற்று ஆகாது. 'இ-ஷ்ரம் இருந்தால் மாதாமாதம் பணம்' என்று வீடியோ போடுகிறவர்களை நம்பி வாரியப் பதிவை விட்டுவிடாதீர்கள்.

பெயர்

இது சின்ன விஷயம் போலத் தெரியும். பணம் நிற்பது இங்கேதான். ஆதாரில் 'கருப்பையா மு', பாஸ்புக்கில் 'மு. கருப்பையா', பி.எஃப்.பில் 'கருப்பையா முத்து'. மனிதருக்கு ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர். ஆதாரில் உள்ளபடி மற்ற எல்லாவற்றையும் மாற்றுவதுதான் சரி. பிறந்த தேதியும் அப்படியே.

மில், கடை, கம்பெனி வேலைக்காரர்கள்

கொரோனாவுக்கு பி.எஃப்.பிலிருந்து சிறப்பு முன்பணம் எடுக்கலாம் என்றார்கள். இருப்பில் 75 சதவீதம் அல்லது மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும். எது குறைவோ அது. இருப்பு 40,000, அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 9,000 என்றால், 30,000 ஒரு பக்கம், 27,000 மறுபக்கம். கைக்கு வருவது 27,000. அந்தச் சிறப்பு வசதி 2024 ஜூனோடு நிறுத்தப்பட்டது. நோய்க்கான சாதாரண முன்பணம் இருக்கிறது. யு.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். எண்ணைச் செயல்பட வைத்து, ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதில் ஏற்றி வைத்தால் கம்பெனி கையெழுத்துக்கு அலைய வேண்டாம். மில் மூடிய பிறகு இதைச் செய்ய நினைத்தால் ஒப்புதல் கொடுக்க ஆளிருக்காது.

ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால், வேலை போனவருக்குச் சராசரிக் கூலியில் 50 சதவீதம் 90 நாள் வரை தரும் அடல் பீமித் திட்டம் கொரோனா காலத்தில் இருந்தது. கேட்டு வாங்கியவர்கள் குறைவு. பணியிலிருந்து நின்ற தேதி, சம்பளச் சீட்டு இரண்டையும் விடாமல் வைத்திருங்கள்.

தெருவோர வியாபாரிகள்

புதுமண்டபத்தைச் சுற்றியும், மாசி வீதிகளிலும், பஸ் ஸ்டாண்ட் ஓரத்திலும் கடை போடுகிறவர்களுக்கு மாநகராட்சிக் கணக்கெடுப்பில் பெயர் இருக்க வேண்டும். அடையாள அட்டை வாங்க வேண்டும். மழைக்குக் கடை போடாத நாளில் கணக்கெடுத்துப் போய்விட்டார்கள் என்றால், மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் பரிந்துரைக் கடிதம் கேட்டு மனுக் கொடுக்கலாம். 2020 ஜூனில் மத்திய அரசு தொடங்கிய ஸ்வநிதி கடன் திட்டத்தில் முதல் தவணை 10,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம். இப்போது தொகை உயர்ந்திருக்கிறது. இது கடன், நிவாரணம் அல்ல. வியாபாரமே நின்றிருக்கிற மாதத்தில் வாங்கிச் சாப்பாட்டுக்குச் செலவழித்தால் அடுத்த தவணையும் போய், வங்கியில் பெயரும் கெடும். கடை திறந்த பிறகு சரக்கெடுக்க வாங்குங்கள்.

முதியோர், விதவைகள், மாற்றுத்திறனாளிகள்

2020இல் மத்திய அரசு இரண்டு தவணையாக 1,000 ரூபாய் கொடுத்தது தேசிய சமூக உதவித் திட்டத்தில் இருந்தவர்களுக்கு மட்டும். மாநில நிதியில் மட்டும் ஓய்வூதியம் வாங்கியவர்களுக்கு அது வரவில்லை. எந்தத் திட்டத்தில் இருக்கிறீர்கள் என்று தாலுகா ஆபீசில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் கேட்டு, ஆணையின் நகலை வாங்கி வையுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு 2020 ஜூனில் 1,000 ரூபாய் கொடுத்தபோது அடையாள அட்டைதான் ஆதாரம். அட்டை இல்லாதவர்கள் மருத்துவ முகாமில் சதவீதம் போட்டு வாங்கிவிட வேண்டும். முகாம்கள்தான் ஊரடங்கில் முதலில் நிற்பவை.

இறப்பு நேர்ந்தால்

கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்பது 2021இல்தான் முடிவானது. அதற்குள் பல வீடுகளில் பரிசோதனைத் தாள் இல்லை. தொற்று உறுதியாகி 30 நாளுக்குள் இறந்திருந்தால் வீட்டில் இறந்தாலும் உரிமை உண்டு என்றார்கள். அதைக் காட்டத் தாள்தான் வேண்டும். எந்தத் தொற்றானாலும் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: பரிசோதனை முடிவு, உள்நோயாளி எண், இறப்புச் சுருக்கம், மருத்துவரின் இறப்புக் காரணச் சான்று. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் ஆணை வரை போக வேண்டியிருக்கும். வாரிசுச் சான்றுக்கு உடனே போடுங்கள், ஏனென்றால் நிவாரணம், பி.எஃப்., வாரியம், வங்கி எல்லாமே அதைக் கேட்கும். பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு மாநில அரசு 5 லட்சம் வைப்பு வைத்தது. ஒருவரை மட்டும் இழந்திருந்தால், குழந்தையோடு இருக்கும் தாய் அல்லது தந்தைக்கு 3 லட்சம். அதற்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுதான் இடம். உடனடி உதவிக்கு 1098.

மனு எழுதுவது

ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. ஐந்தாறு வரி போதும். கஷ்டத்தை இரண்டு பக்கம் எழுதினால் படிக்கிறவருக்கு எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று தெரியாமல் போகும். இந்த மாதிரி:

'ஐயா, நான் மதுரை கிழக்கு தாலுகாவில் மேற்கண்ட முகவரியில் வசிக்கிறேன். என் குடும்ப அட்டை எண் இது, வகை என்.பி.எச்.எச்.; கடை எண் இது. இந்தத் தேதியில் அறிவிக்கப்பட்ட நிவாரணத் தொகைக்கு எனக்கு டோக்கன் தரப்படவில்லை. இந்தத் தேதியில் கடையிலும், இந்தத் தேதியில் 1967 எண்ணிலும் புகார் செய்தேன். புகார் எண் இது. தொகையை வழங்க ஆணையிட வேண்டுகிறேன். இணைப்பு: அட்டை நகல், ஆதார் நகல்.'

திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, எண் போட்ட ஒப்புகைச் சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள். ஊரடங்கில் அந்தக் கூட்டம் நடக்காது. அப்போது முதல்வர் உதவி மையம் 1100, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. பேசிய தேதியையும் புகார் எண்ணையும் காலண்டரிலேயே எழுதி வையுங்கள். முப்பது நாள் தாண்டியும் பதில் இல்லையென்றால், அதே மனுவின் எண்ணைக் குறிப்பிட்டு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம். வக்கீல் வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் தொழிலாளர்களுக்கும் இலவசம், தொலைபேசி 15100.

'நிவாரணம் ஏற்றணும், ஓ.டி.பி. சொல்லுங்க' என்று யார் கூப்பிட்டாலும் போனை வைத்துவிடுங்கள்.